18 ரூபாய் நாட்டு முட்டையா, 7 ரூபாய் லெக்கான் முட்டையா?

கொளத்தூர்_அம்மா

மகள் பெரியவளாகி ஐந்து நாள் ஆகிறது. பொன்னேரியிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் நாட்டு முட்டையை உடைத்துப் பச்சையாகக் குடிக்க வைக்கிறார், அப்புறம் அதே ஓட்டில் நல்லெண்ணெய் அளந்து ஊற்றுகிறார். பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறாள். இரண்டாம் நாளே வாந்தி. எங்கள் தெருக் கடையில் நாட்டு முட்டை 18 ரூபாய், வெள்ளை முட்டை 7 ரூபாய். வெள்ளை முட்டையை வேகவைத்துக் கொடுக்கலாமே என்றேன். "பிராய்லர் முட்டை தின்றால் இடுப்பில் பலம் ஏறாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் வழக்கம்போல் போனுக்குள் போய்விட்டார். நாட்டு முட்டையில் நிஜமாகவே சத்து கூடவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உழவர்_பேரன்

அக்கா, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. எங்கள் ஊர் செங்கம் பக்கம். நாட்டுக்கோழி காலையில் கூடையைத் திறந்தால் போதும், குப்பைமேடு, வைக்கோல் போர், வேலியோரம் என்று சுற்றிக் கறையான், புழு, கீரை, சிந்திய கம்பு எல்லாம் பொறுக்கித் தின்னும். அதன் மஞ்சள் கரு செம்மஞ்சளாக இருக்கும். கடை முட்டையை உடைத்துப் பாருங்கள், சோகை பிடித்தவன் முகம் மாதிரி வெளுத்திருக்கும். கூண்டுக்குள் நிறுத்தி, ஊசி போட்டு, வருஷத்துக்கு முந்நூறு முட்டை கறக்கிறார்கள். அதில் என்ன சத்து மிஞ்சும்? வேளச்சேரிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் என் வீட்டில் வெள்ளை முட்டை ஏறியதில்லை.

அம்பத்தூர்_நாமக்கல்காரன்

தம்பி, முதலில் ஒரு திருத்தம். பிராய்லர் என்பது கறிக்கோழி. ஆறு வாரத்தில் கடைக்குப் போய்விடும், அது முட்டையே போடாது. நீங்கள் வாங்குவது லேயர் முட்டை, நம் ஆட்கள் லெக்கான் என்பார்கள். ஒயிட் லெகார்ன் வம்சம்.

அடுத்தது ஊசி. நாமக்கல்லில் ஒன்பது வருஷம் பண்ணையில் வேலை பார்த்தவன் நான். தடுப்பூசி உண்டு, வெள்ளைக்கழிச்சலுக்குப் போடாமல் பண்ணை நடத்த முடியாது. முட்டை போட வைக்கிற ஊசி என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. முந்நூறு முட்டை வருவதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம், கணக்குப் பார்த்துக் கொடுக்கும் தீவனம், நாளுக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம். நாட்டுக்கோழி பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அதனால்தான் வருஷத்துக்கு 60, 80க்கு மேல் தாண்டுவதில்லை. லெக்கான் அடையே உட்காராது, அந்தப் புத்தியை இனப்பெருக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். முட்டை கூட வந்தால் ஒவ்வொரு முட்டையிலும் சத்து குறையும் என்பது பாலில் தண்ணீர் கலக்கிற கணக்கு. கோழிக்கு அது பொருந்தாது. தீவனத்தில் குறை வைத்தால் கோழி முட்டையைக் குறைக்கும், இல்லை ஓடு மெலியும்.

உழவர்_பேரன்

அப்படியானால் மஞ்சள் கரு ஏன் வெளுக்கிறது அண்ணே? அதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பீர்களே.

அம்பத்தூர்_நாமக்கல்காரன்

வைத்திருக்கிறேன். மக்காச்சோளம் விலை ஏறினால் அரிசிக் குருணையும் கம்பும் கலப்பார்கள். அவற்றில் மஞ்சள் நிறமி கிடையாது, கரு வெளுக்கும். மக்காச்சோளம் முழுசாகப் போட்டால் மஞ்சள் வரும். செண்டுமல்லிப் பூச்சாற்றைப் பொடியாக்கித் தீவனத்தில் கலந்தால் உங்கள் ஊர்க் கோழியே வெட்கப்படும் அளவுக்குச் சிவக்கும். கருவின் நிறத்தை அளக்க விசிறி மாதிரி வண்ண அட்டை வைத்திருப்பார்கள், எந்த எண் வேண்டும் என்று சொன்னால் அந்த நிறத்தில் முட்டை வரும். நிறத்தை வைத்துச் சத்து பேசுவது, சட்டையின் சாயத்தைப் பார்த்துத் துணியின் பலம் சொல்கிற மாதிரி.

மாதவரம்_கால்நடை

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன். நாலு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பச்சை முட்டை விஷயத்துக்காகத்தான் இப்போது எழுதுகிறேன், மற்றது அப்புறம்.

அம்மா, எந்தக் கோழியின் முட்டையானாலும் குழந்தைக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். ஓட்டில் எச்சம் பட்டிருக்கும், சால்மொனெல்லா கிருமி அதில் வரும். நாட்டுக்கோழி என்பதால் கிருமி ஒதுங்கிப் போகாது. இன்னொன்று, பச்சை முட்டைதான் பலம் என்ற நம்பிக்கையே தலைகீழ். 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 விழுக்காடு உடம்பில் சேர்ந்தது, பச்சை முட்டையில் பாதிதான். பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் வேறு இருக்கிறது, அது பயோட்டின் வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேகவைத்தால் அந்தப் பிடி விட்டுவிடும். ஆக 18 ரூபாய் முட்டையைப் பச்சையாகக் கொடுப்பதில் பாதிப் புரதம் வீண்.

ரத்தம் ஊறும் என்றும் மாமியார் சொல்லியிருப்பார். ஒரு முட்டையில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான். அதையும் மஞ்சள் கருவில் உள்ள பாஸ்விடின் என்ற புரதம் இறுக்கிப் பிடித்திருக்கும், எளிதில் விடாது. இரும்புக்குப் பேரீச்சை, கீரை, ஈரல் கொடுங்கள், கூட எலுமிச்சை பிழியுங்கள். முட்டையை நல்ல புரதம், பி12, வைட்டமின் ஏ, கோலின் இவற்றுக்காகக் கொடுங்கள். உளுந்தங்களியை நிறுத்த வேண்டாம், அதில் மாமியாரோடு எனக்குச் சண்டை இல்லை.

கொளத்தூர்_அம்மா

டாக்டர் சார், ரொம்ப நன்றி. நீங்கள் எழுதியதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "நான் அஞ்சு பிள்ளை பெத்தவ, அந்த டாக்டர் எத்தனை பெத்தாரு" என்கிறார். ஆனால் நாளையிலிருந்து வேகவைக்க ஒத்துக்கொண்டார். நாட்டு முட்டைதான் வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம் தளரவில்லை.

கணக்குப்பிள்ளை_மயிலை

சத்தை விடுங்கள், காசைப் பார்ப்போம். நாட்டு முட்டை சராசரி 40 கிராம். ஓடு போக 36. புரதம் அதில் நாலரை கிராம். 18 ரூபாய் கொடுத்தால் ஒரு கிராம் புரதம் நாலு ரூபாய். வெள்ளை முட்டை 55 கிராம், ஓடு போக 49, புரதம் ஆறு கிராம், 7 ரூபாய். கிராம் 1 ரூபாய் 17 காசு. வேறு எந்தப் பொருளுக்காவது மூன்றரை மடங்கு கொடுத்துக் குறைவாக வாங்குவோமா?

உழவர்_பேரன்

மல்லிகைப்பூவைக் கிலோக் கணக்கில் புரதம் பார்த்தா வாங்குகிறீர்கள் ஐயா? எல்லாவற்றையும் புரதமாக்கிவிட்டால் மீல்மேக்கரை மென்றுகொண்டு உட்காரலாம். ஊர் முட்டையில் மஞ்சள் கரு பெரிதாக இருக்கும், ருசி நாக்கில் நிற்கும். அதை எந்தக் கால்குலேட்டர் காட்டும்?

அண்ணனுக்கும் ஒரு கேள்வி. பண்ணைக் கூண்டில் ஒரு கோழிக்கு ஒரு ஏ4 தாள் அளவுகூட இடம் கிடையாது. 2017இல் சட்ட ஆணையமே இதற்கென்று ஒரு அறிக்கை எழுதியது. கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019இல் தடை போட்டது. கொடுக்காத மருந்தை யாராவது தடை செய்வார்களா?

அம்பத்தூர்_நாமக்கல்காரன்

கூண்டு விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். ஒன்பது வருஷம் தினமும் பார்த்தவன், அதைச் சரி என்று சொல்ல வாய் வராது. மருந்து, நோய் வந்தால் கொடுப்போம். கொடுத்த பிறகு குறிப்பிட்ட நாட்களுக்கு அந்த முட்டையை விற்கக் கூடாது. எல்லாப் பண்ணையும் அப்படி நடக்கிறதா என்று கேட்டால் நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால் தம்பி, நாம் பேசிக்கொண்டிருந்தது சத்து. சத்தில் மாட்டிக்கொண்டதும் கோழி பாவம் என்று தாவுகிறீர்கள்.

மாதவரம்_கால்நடை

இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உழவர் பேரன் சொன்ன பெரிய மஞ்சள் கரு உண்மை. முட்டை சிறிதானால் அதில் கருவின் பங்கு கூடும். நாட்டு முட்டையில் எடையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் கரு இருக்கும், லெக்கானில் அதைவிடக் குறைவு. முட்டையின் கொழுப்பும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் கருவில்தான். அதனால் நூறு கிராமுக்கு நூறு கிராம் எடுத்தால் நாட்டு முட்டை கொஞ்சம் கெட்டியான உணவு. கூடவே கொலஸ்ட்ராலும் அதில் கூடத்தான், அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. ருசி வேறு, வறட்சி குறைவு என்று நாக்குக்குத் தெரிவதும் பெரும்பாலும் இந்தக் கருவால்தான். ஆனால் ஒருவர் சாப்பிடுவது ஒரு முட்டை, நூறு கிராம் அல்ல. 40 கிராம் முட்டைக்கும் 55 கிராம் முட்டைக்கும் இடையே அந்த மிச்சம் பெரும்பாலும் கரைந்துபோகும்.

அடுத்தது மேய்ச்சல். 2010இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஒரே இனக் கோழிகளைப் பிரித்துச் சிலவற்றைக் கூண்டிலும் சிலவற்றைப் புல்வெளியிலும் விட்டார்கள். புல்வெளிக் கோழியின் முட்டையில் வைட்டமின் ஈ இரண்டு மடங்கு, ஒமேகா 3 இரண்டு மடங்குக்கும் மேல். வெயிலில் திரியும் கோழியின் கருவில் வைட்டமின் டி கூடுவதும் தெரிந்த செய்தி. உழவர் பேரன் இதைப் படித்ததும் துள்ளிக் குதிப்பார். குதிக்கும் முன் "ஒரே இனம்" என்ற இரண்டு சொல்லை இன்னொரு தடவை படியுங்கள். வித்தியாசத்தைத் தந்தது மேய்ச்சல், இனம் அல்ல. லெக்கானைத் தோட்டத்தில் விட்டாலும் அந்த முட்டை வரும். சிறுவிடை என்ற நாட்டு இனக் கோழியைக் கூண்டில் அடைத்து மூட்டைத் தீவனம் போட்டால் கடை முட்டைதான் வரும், ஓடு மட்டும் வேறு நிறத்தில். ஓட்டின் நிறம் வம்சத்தில் வருவது, சத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

தரம் என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதை இங்கே யாரும் தொடவில்லை. முட்டையைத் தட்டில் உடைத்தால் வெள்ளைக்கரு கட்டியாக நிற்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா என்று பார்ப்போம். 1937இல் ரேமண்ட் ஹா என்பவர் இதற்கு ஓர் அளவு கொண்டுவந்தார், கெட்டி வெள்ளைக்கருவின் உயரத்தையும் முட்டையின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுவது. இன்றும் ஆய்வுக்கூடத்தில் ஹா யூனிட் என்றுதான் எழுதுகிறோம். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண் துளைகள் இருக்கின்றன. முட்டை போட்ட நாளிலிருந்து அவற்றின் வழியே கரியமில வாயுவும் ஈரமும் வெளியேறும், வெள்ளைக்கரு நீர்த்துக்கொண்டே போகும். வெப்பம் கூடக் கூட இது வேகமாக நடக்கும். எங்கள் வேலையில் வீட்டுக்கோழி முட்டைகளை நாங்கள் அளந்தபோது பல நேரம் பண்ணை முட்டைதான் முன்னால் நின்றது. காரணம் சாதாரணம். நாமக்கல்லில் இன்று எடுத்த முட்டை ராத்திரி லாரியில் ஏறினால் காலையில் சென்னை. கிராமத்தில் ஒரு வீட்டில் நாலு கோழி, நாளுக்கு இரண்டு முட்டை. நாற்பது வீடு ஏறி இறங்கி ஒரு கூடை சேர்க்கவே வாரம் ஆகும். பட்டணம் வந்து சேரும்போது அதன் வயது யாருக்குத் தெரியும்?

நாட்டு முட்டையில் இன்னொரு சிக்கல், சேவல். சேவலோடு திரிந்த கோழியின் முட்டை கருக்கூடியிருக்கும். சத்தில் அதனால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஆனால் மே மாதம் சென்னைக் கடையில் 36 டிகிரியில் இரண்டு நாள் கிடந்தால் உள்ளே குஞ்சுக்கான வளர்ச்சி ஆரம்பித்துவிடும். உடைத்தால் ரத்த வளையம் தெரியும். அடைக்கோழி கொடுக்கும் சூடு 37, 38தானே, கடையின் தகரக் கூரை பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அங்கேயே நின்றுபோனால் கூமுட்டை. வெயில் காலத்தில் கருக்கூடாத முட்டைதான் பத்திரம்.

உழவர்_பேரன்

டாக்டர், மேய்ச்சல்தான் காரணம் என்கிறீர்கள். மேய்வது எந்தக் கோழி? நடைமுறையில் நாட்டுக்கோழிதானே மேய்கிறது. லெக்கானைத் தோட்டத்தில் விட்டு முட்டை விற்கிறவர் சென்னையில் எங்கே? அப்படியென்றால் நான் சொன்னது ஜெயித்ததாகத்தான் அர்த்தம்.

வியாசர்பாடி_முட்டைக்கடை

தம்பி ஜெயித்த சந்தோஷத்தைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். நான் இருபது வருஷமாக முட்டை மொத்த வியாபாரம். சென்னையில் "நாட்டு முட்டை" என்று எழுதி விற்கும் எல்லாவற்றையும் கொடுக்க ஊரில் அத்தனை நாட்டுக்கோழி இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வருஷத்துக்கு எழுபது முட்டை போடும் கோழி. ஆனால் எந்தத் தெருவில் கேட்டாலும் எந்த நாளும் தட்டுத் தட்டாகக் கிடைக்கிறது.

வருவது மூன்று வகை. ஒன்று, கிராமப்பிரியா, வனராஜா மாதிரி மேம்படுத்திய இனங்கள். பழுப்பு ஓடு, முட்டையும் நிறைய. இவற்றைக் கொட்டகையில் தீவனம் போட்டே வளர்க்கிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், பெயரைச் சொல்லி விற்றால் சரி. இரண்டு, லெக்கான் இளங்கோழி முதல் முதலாகப் போடும் சின்ன முட்டை, பண்ணையில் புல்லட் முட்டை என்பார்கள். 40 கிராம்தான் இருக்கும், மலிவாகக் கிடைக்கும். அதைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு எடுத்தால் 18 ரூபாய். எனக்கே ஒருவர் ஒரு தட்டு அனுப்பினார். கை ஈரத்தில் விரலெல்லாம் டீக்கடை மாஸ்டர் மாதிரி ஆனது. திருப்பி அனுப்பிவிட்டேன். மூன்றாவது வகைதான் நிஜ நாட்டு முட்டை. அது வந்தால் என் வீட்டுக்கே போதாது.

அம்பத்தூர்_நாமக்கல்காரன்

புல்லட் முட்டை நூற்றுக்கு நூறு உண்மை. கோழி பதினெட்டு, இருபது வாரத்தில் முட்டைக்கு வரும்போது அப்படித்தான் போடும். ஆக உழவர் பேரன் பன்னிரண்டு வருஷமாக வேளச்சேரியில் என் பழைய பண்ணை முட்டையைத்தான் சாப்பிட்டிருக்கிறார், தேநீரோடு.

உழவர்_பேரன்

எனக்கு ஊரிலிருந்து பஸ்ஸில் தவிட்டில் புதைத்து வருகிறது அண்ணே. சாயம் உங்கள் மனசில்தான்.

சேலையூர்_மாடி

மாடியில் ஆறு சிறுவிடை வளர்க்கிறேன். டாக்டர் சொன்னதை என் சொந்த அனுபவத்தில் பார்த்தேன். முதல் ஆறு மாதம் தீவனக் கடை லேயர் தீவனம் மட்டும் போட்டேன். கரு கடை முட்டை மாதிரியே வெளிர் மஞ்சள். என் அம்மா "இதுவா நாட்டு முட்டை" என்று கேட்டார். அப்புறம் தொட்டியில் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடி வளர்த்தேன், தினம் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, மார்க்கெட்டில் வீசும் முட்டைகோஸ் இலை. மூன்று வாரத்தில் நிறம் ஏறிவிட்டது. கோழி அதே கோழிதான்.

ஆனால் மாடிக்கோழியை யாரும் கொண்டாட வேண்டாம். மேய்ச்சல் என்ற பெயரில் சிமென்ட் தரையைக் கொத்திக்கொண்டிருக்கின்றன. கீழே விடலாமென்றால் பக்கத்து மனையில் தினமும் குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிக்கிறார்கள்.

மாதவரம்_கால்நடை

கீழே விடாதது நல்லது. குப்பை எரிக்கும் இடத்து மண்ணில் டையாக்சின் சேரும், பழைய பெயின்ட் உதிரும் சுவர் ஓரத்தில் ஈயம். மண்ணைக் கொத்தும் கோழிக்கு இரண்டும் உள்ளே போய் முட்டையில் வந்து நிற்கும். செங்கத்து வேலியோரத்தில் மேய்வதும் கொடுங்கையூர் குப்பைமேட்டு ஓரம் மேய்வதும் ஒன்றல்ல. நகரத்தில் திரியும் கோழிக்கு வெறும் மேய்ச்சல் என்ற சொல் நற்சான்றிதழ் ஆகாது.

கணக்குப்பிள்ளை_மயிலை

சாயம் போட்டதை வினிகர் தேய்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

மாதவரம்_கால்நடை

வினிகர் ஓட்டின் மேல் படலத்தையே கரைக்கும், இயற்கையான பழுப்பும் அந்த மேல் அடுக்கில்தான் இருக்கிறது. நிஜ முட்டையும் நிறம் விடும். அந்தச் சோதனையை நம்பி நல்ல வியாபாரியோடு சண்டை போடாதீர்கள். சமையலறைத் தராசும் கண்ணும் போதும். பல வீட்டு நாட்டு முட்டை என்றால் ஒன்று வெளிர் வெள்ளை, ஒன்று சந்தனம், ஒன்று இளம்பழுப்பு என்று கலந்து இருக்கும், எடையும் 35க்கும் 45க்கும் இடையே ஏறி இறங்கும். முப்பதும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறமாக இருந்தால் அது ஒரே கொட்டகை, இல்லாவிட்டால் ஒரே அண்டா.

கொளத்தூர்_அம்மா

இன்று காலை தெருக் கடை நாட்டு முட்டை ஆறையும் தராசில் வைத்தேன். 41, 42, 41, 41, 42, 41. எல்லாம் ஒரே பழுப்பு. ஈரத்துணியால் துடைத்தேன், துணியில் கறை. மாமியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. பொன்னேரிக்குப் போன் போட்டு, "கோழி ரெண்டு அடையில இருக்கு, முட்டையே இல்ல" என்று தங்கை சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், "சரி, அந்த வெள்ளை முட்டையையே நல்லா வேகவை, மிளகு மட்டும் தூக்கலாப் போடு" என்றார். நல்லெண்ணெய் தோசைக்கு மாறிவிட்டது. மகள் காலையில் இரண்டு சாப்பிட்டாள்.

உழவர்_பேரன்

அக்கா, அந்தக் கடைக்காரனின் குற்றத்துக்கு நாட்டுக்கோழி என்ன செய்யும்? அது வேறு, இது வேறு. அடுத்த வாரம் ஊரிலிருந்து கூடை வருகிறது, ஆறு முட்டை தனியாக எடுத்து வைக்கிறேன். தராசோடு வாருங்கள்.

அம்பத்தூர்_நாமக்கல்காரன்

தம்பி, அதில் எனக்கும் ஆறு. காசு கொடுத்துவிடுகிறேன், 18 கேட்டால் மட்டும் தகராறு.